ஒரு வீட்டுத் தெள்ளுப்பூச்சிக்கு இரண்டு ரிப்போர்ட்

முப்பத்தொரு வருடம் நான் மலேசியாவில் பூச்சி மருந்து அடித்தேன். எங்கள் கம்பெனியின் அட்டையில் 'தலைமையகம், கிள்ளான்' என்று போட்டிருக்கும். தலைமையகத்தைத் தவிர வேறு அகம் எதுவும் எங்களுக்கு இருந்ததில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு ஒரு மணி நேரம் ஏதாவது பேசுங்கள் என்று போன மாதம் கூப்பிட்டார்கள். போனேன்.

இப்போது ரிப்போர்ட் எழுதுகிற வேலையே இல்லையாம். கைப்பேசியில் படம் எடுத்து, அது கேட்பதற்கெல்லாம் விரலால் தட்டினால் தானே எழுதிக்கொள்கிறது. வீட்டில் தெள்ளுப்பூச்சி இருந்தால் காரணம் கேட்கிறது. 'குடியிருப்பவரின் செல்லப்பிராணி' என்று ஒரு பதில், 'வெளியிலிருந்து வந்த பிராணி' என்று ஒரு பதில். 'தெரியவில்லை' என்பதைத் தேடினேன். காணவில்லை.

"இருந்துச்சு அங்கிள். கஸ்டமருங்க கம்ப்ளேன் பண்ணாங்க, எடுத்துட்டாங்க" என்றாள் அந்த நால்வரில் ஒரு பெண். பிறகு மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டாள். "உங்க காலத்துல எதைக் கொல்றது ரொம்பக் கஷ்டம்? கறையானா, மூட்டைப்பூச்சியா?"

கொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை, கொன்றதை எழுதுவதுதான் கஷ்டம் என்றேன். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆறு வருடம் எனக்குத் துறைமுகத்துக் கிடங்குகளில்தான் வேலை. எலி, கரப்பான், அரிசி மூட்டையில் வண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து திட்டுகிற பூச்சிகள் அவை. வீடுகளுக்கு மாற்றிய பிறகுதான் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிற பூச்சியைப் பார்த்தேன். அது தெள்ளுப்பூச்சி.

அதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஓர் அறையில் சுவரோரமாக மெதுவாக நடக்க வேண்டும், ஓடக் கூடாது. நம் காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும், கூட்டுக்குள் தூங்கிக் கிடந்ததெல்லாம் சாப்பாடு வந்துவிட்டது என்று குதித்துக் காலுறையில் ஏறும். கருப்புப் புள்ளி புள்ளியாகத் தெரியும். எண்ணி, அறையின் பெயரைப் போட்டு எழுத வேண்டும். அடுத்த அறைக்குப் புதிய காலுறை. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் பல் நெருங்கிய சீப்பால் முதுகை வாரி, விழுகிற தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிப் பார்க்க வேண்டும். தூள் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், குடித்த ரத்தம். கரையாவிட்டால் வெறும் அழுக்கு.

இவ்வளவு செய்தாலும் ஒன்றை மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பூச்சியை முதலில் யார் உள்ளே கொண்டுவந்தது என்று. பூனைத் தெள்ளுப்பூச்சி நாயிலும் இருக்கும், எலியிலும் இருக்கும். அதற்கு அடையாள அட்டை கிடையாது. ஆனால் எங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் என் முதலாளி மிஸ்டர் சேவியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூச்சி மருந்துக் கம்பெனிக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்த மனிதர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். நான் நோட்டில் எழுதிவந்ததை மேசையில் வைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி அதன் பின்பக்கம் மாட்டி, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, பிறகு உரக்கப் படிப்பார். என் எழுத்தை அவர் குரலில் கேட்கும்போது எனக்கே நம்பிக்கை வராது. சில வரிகளை அடிப்பார். ஒரு சொல்லைக்கூடத் தானாகச் சேர்க்க மாட்டார், ஒன்றைத் தவிர. அது 'முங்கின்'. மலாயில் 'இருக்கலாம்' என்று பொருள். 'தெள்ளுப்பூச்சி காணப்பட்டது. காரணம் முங்கின் பூனை.'

"நீ பொய் எழுதக் கூடாது முனியாண்டி. எனக்குப் பொய் பிடிக்காது. பார்த்ததை எழுது. பார்த்ததையெல்லாம் எழுதாத."

அதை நான் ரொம்ப நாள் அறிவுரை என்றே நினைத்திருந்தேன்.

முன்பெல்லாம் வாடகை ஒப்பந்தத்தில் 'பிராணிகள் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். வைத்திருப்பவர்கள் வைத்திருப்பார்கள், வீட்டுக்காரர் வந்தால் பூனையை மாமியார் வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு காலம் மாறியது. கூடாது என்று சொல்வதைவிடக் கூடும் என்று சொல்லிப் பணம் வாங்குவது நல்லது என்று வீட்டுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். மாதாமாதம் பெட் ஃபீஸ், அதற்கு மேல் பெட் டெபாசிட். அம்பாங்கில் ஒருவர் மீன்தொட்டிக்கு ஃபீஸ் வாங்கினார். எத்தனை மீன் என்று கேட்டு, குஞ்சு பொரித்தால் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பூச்சோங்கில் ஒரு வாடகைக்காரர் கிளிக்கு ஃபீஸ் கட்டினார். வீட்டுக்காரரைப் பார்த்தாலே அது மலாயில் கெட்ட வார்த்தை சொல்லும். கட்டிய காசுக்கு அதாவது கிடைக்கட்டும் என்றார்.

வீட்டைக் காலி செய்கிற நேரம் வந்தால் எங்களுக்குத் தொலைபேசி வரும். அப்படி வந்ததுதான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு.

கடைக்கு மேலே முதல் மாடி. வீட்டுக்காரர் ராஜேஸ்வரி அக்கா, கிள்ளானில் இருப்பவர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தி இருபது வருடத்துக்கும் மேலாக நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்ற காசில் வாங்கிய வீடு அது. அந்த வாடகைதான் அவருக்கு வருமானம். முன்பிருந்த ஒருவர் நாயை வைத்துக் கதவைக் கடிக்கவிட்டு, மூன்று மாத வாடகையும் தராமல் ஓடிவிட்டார். அன்றிலிருந்து நான்கு காலில் நடக்கிற எதற்கும் அவர் ஃபீஸ் வாங்கினார்.

குடியிருந்தவள் கௌசல்யா, திருச்சிப் பெண். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை விசாவில் வந்தவள். அவளுடைய பூனைக்கு மிளகு என்று பெயர். மிளகுக்கு மாதம் எண்பது வெள்ளி ஃபீஸ்; ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். கம்பெனி அவளைப் பூச்சோங்கிலிருந்த கிளைக்கு மாற்றியதால் வீட்டைக் காலி செய்ய இருந்தாள். வேறொருவருக்கு வீட்டைக் காட்ட வந்த ராஜேஸ்வரி அக்காவின் காலில் பூச்சி கடித்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டார்.

நான் போனபோது இரண்டு பேரும் வரவேற்பறையில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். கௌசல்யா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"மாசாமாசம் ஃபீஸ் வாங்கிட்டு இப்ப டெபாசிட்டையும் பிடிச்சா, அந்த ஃபீஸ் எதுக்கு ஆன்டி?"

"ஃபீஸ் பூனை இருந்ததுக்கு. டெபாசிட் பூனை செஞ்சதுக்கு" என்றார் ராஜேஸ்வரி அக்கா.

நான் காலுறையை மாட்டிக்கொண்டு நடந்தேன். வரவேற்பறையில் ஒன்றும் இல்லை. கௌசல்யாவின் படுக்கையறையில் இரண்டு. மிளகின் முதுகை வாரினேன். தூளில் கொஞ்சம் சிவந்தது, கொஞ்சம் சிவக்கவில்லை. பின்பக்கம் சமையலறைக்கு அடுத்து ஓர் அறை, பூட்டியிருந்தது. வீட்டுக்காரரின் சாமான் அறை, ஒப்பந்தத்தில் சேராதது. அதன் வாசலில் கால் வைத்ததும் கதவிடுக்கிலிருந்து ஏறின. எண்ணினேன். பதினொன்று.

"அக்கா, இந்த ரூமைத் திறக்கணும்."

"முடியாது தம்பி. மகன் சாமான். சாவி அவன்கிட்ட இருக்கு. அவன் ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல இருக்கான்."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். படுக்கையறை இரண்டு, பூனைத் தூள் சற்றுச் சிவப்பு, பூட்டிய அறை வாசல் பதினொன்று, உள்ளே பார்க்கவில்லை. புறப்படும்போது கௌசல்யா படியில் இறங்கி வந்தாள்.

"அண்ணா, நீங்க பார்த்ததை எழுதுவீங்கல்ல?"

"பார்த்ததைத்தான்மா எழுதுவேன்."

அலுவலகத்தில் சேவியர் படித்தார். 'பூட்டிய அறை' வரியை அடித்தார். "ரூமைத் திறந்து பார்க்கல இல்ல? பார்க்காததை எழுதலாமா?" என்றார். 'முங்கின் பூனை' சேர்ந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கௌசல்யா போன் செய்தாள். சமையலறை அலமாரியில் எங்கள் பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம், அதில் இருந்த எண். தனக்கும் அந்த ரிப்போர்ட்டில் ஒரு பிரதி வேண்டும் என்றாள். பிரதி கிடையாது, வேண்டுமானால் தனியாக ரிப்போர்ட் தரலாம், அதற்குக் கட்டணம் இவ்வளவு என்றார் சேவியர். அவள் கட்டினாள். சேவியர் என் நோட்டை மறுபடி வாங்கி, பேனாவின் மூடியைக் கழற்றினார். இந்த முறை படுக்கையறை வரி போயிற்று. பூனைத் தூள் வரி போயிற்று. பூட்டிய அறை திரும்பி வந்தது. 'காரணம் முங்கின் வெளிப் பிராணி.'

"சார், ஒரே வீடு."

"ஒரே வீடுதான். ரெண்டு கஸ்டமர். இதுல எந்த வரி பொய், காட்டு."

காட்ட முடியவில்லை. தேதி அதே தேதி. கையெழுத்துப் போட்டேன். அது என் மகள் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய வாரம் என்பதைச் சொன்னால் சாக்கு போலத் தெரியும். ஆனால் அதுதான் காரணமா என்றும் எனக்கு உறுதியில்லை. பேனா கையில் இருந்தது, போட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

ராஜேஸ்வரி அக்கா டெபாசிட்டைக் கொடுக்கவில்லை. கௌசல்யா சிறு வழக்குகள் கேட்கும் நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கே வழக்கறிஞர் கிடையாது. அவரவர் வழக்கை அவரவர் பேச வேண்டும். இரண்டு பேரும் கம்பெனி ரிப்போர்ட் தன் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் போயிருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார். எனக்குச் சம்மன் வந்தது.

விசாரணைக்கு முதல் நாள் சேவியர் என்னைக் கூப்பிட்டார். "நோட்டைக் கொண்டு போகாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேட்காததுக்கு நீ பொறுப்பு இல்ல." தலையாட்டினேன். காலையில் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்ததும் நான்தான். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. 

மாஜிஸ்திரேட் ஒரு மலாய்ப் பெண்மணி. என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். அவரைப் 'புவான்', அதாவது அம்மா, என்று அழைக்க வேண்டும். முதல் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம் புவான்."

"இது?"

"அதுவும்தான் புவான்."

"ஒரே நாள், ஒரே வீடு. ஒன்றில் உள்ளிருந்த பூனை, ஒன்றில் வெளியிலிருந்து வந்த பிராணி. எது உண்மை?"

"இரண்டும் உண்மைதான் புவான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கௌசல்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தனக்கு வந்த ரிப்போர்ட்டும் ராஜேஸ்வரி அக்காவுக்குப் போனதும் ஒன்றையே சொல்லும் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

"அண்ணா, நீங்களேவா?" என்றாள் மெதுவாக.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவள் கொடுத்த மைலோவைக் குடித்தவன்.

"அன்றைக்கு இந்த இரண்டைத் தவிர வேறு ஏதாவது எழுதினீர்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பையைத் திறந்து நோட்டை நீட்டினேன். என் கோழிக் கிறுக்கலை அவரால் படிக்க முடியவில்லை. என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்று வரிதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதியதை நானே உரக்கப் படித்தது அன்றுதான்.

படித்து முடித்ததும் அவர் ராஜேஸ்வரி அக்காவைப் பார்த்தார். "பூனை போய் இரண்டு மாதம் ஆகிறது. இப்போது வீட்டில் பூச்சி இருக்கிறதா?"

"இருக்கு புவான். மலிவா ஒரு ஆளை வெச்சு ரெண்டு தடவை மருந்தடிச்சேன். மறுபடி வருது."

"அந்த அறை?"

"திறக்கல."

வழக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது. இரு தரப்பும் சேர்ந்து போய் அறையைத் திறக்க வேண்டும், இந்த மனிதர் கூடப் போய் ஒரே ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட்.

ராஜேஸ்வரி அக்கா அந்த வீட்டு வாசலில் நின்றுதான் பெர்த்துக்குப் போன் போட்டார். பூட்டை உடைக்கப் போகிறேன், உன் சாமான் எதற்கும் சேதம் வராது என்று மகனிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். ஒலிபெருக்கியில் மகன் குரல் கேட்டது.

"அம்மா, அந்த ரூம்ல என்ன இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சு. ஒடச்சிடுங்கலா. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க."

அவர் போனை வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தார். ஏழு வருடமாகப் பூட்டி வைத்திருந்த அறை. அதை வாடகைக்குச் சேர்த்திருந்தால் மிளகைப் போல நாலு பூனையின் ஃபீஸ் வந்திருக்கும்.

பூட்டுத் திறப்பவர் ஒரு நிமிடத்தில் முடித்தார். உள்ளே ஜன்னலின் அடுக்குக் கண்ணாடியில் இரண்டு துண்டு இல்லை. வெளியே கீழ்க்கடையின் தகரக் கூரை. மகனுடைய மெத்தை நடுவில் குழிந்து, குழியில் ஒரு சாம்பல் நிறத் தாய்ப்பூனை. அதன் வயிற்றோடு ஒட்டி, கண் திறந்து சில நாளே ஆன மூன்று குட்டிகள். மெத்தையின் ஓரமெல்லாம் பழைய முடி. இது முதல் பிரசவம் இல்லை.

என் காலுறை முழங்கால் வரை கறுத்துக்கொண்டிருந்தது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"இது என் பூனை இல்ல" என்றார் ராஜேஸ்வரி அக்கா.

"மிளகும் முதல்ல என் பூனை இல்ல ஆன்டி" என்றாள் கௌசல்யா. "சாக்கடையில கிடந்துச்சு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ராஜேஸ்வரி அக்கா வரவேற்பறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். கௌசல்யாவைக் கூப்பிட்டு, "வங்கி எண்ணை அனுப்பு" என்றார். படுக்கையறையில் இருந்த இரண்டு பூச்சிக்காக ஒரு தடவை மருந்தடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் அனுப்பினார். மாதாமாதம் வாங்கிய எண்பது வெள்ளியைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் சமரசம் என்று பதிவாயிற்று.

சேவியர் என்னைத் திட்டவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் எங்கள் ரிப்போர்ட் ஒவ்வொன்றின் அடியிலும் புதிதாக ஒரு வரி அச்சாகி வந்தது: 'இந்த அறிக்கை கட்டணம் செலுத்தியவரின் உபயோகத்துக்கு மட்டும்.' கட்டணத்தையும் கொஞ்சம் உயர்த்தினார். என்னைத் துறைமுகக் கிடங்குக்கு மாற்றினார். எலிகள் வாடகை ஒப்பந்தம் போடுவதில்லை என்பதால் நான் அங்கே நிம்மதியாகவே இருந்தேன்.

ஆனால் அந்த வீட்டுக்கு மருந்தடிக்க முனியாண்டிதான் வர வேண்டும் என்று ராஜேஸ்வரி அக்கா பிடிவாதம் பிடித்தார். போய்ப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னேன். குட்டிகள் இருக்கும்போது மருந்தடித்தால் பூச்சிக்கு முன்னால் அவைதான் சாகும். பால் மறந்து நடமாட ஆறு வாரமாவது ஆகும்.

"ஆறு வாரம் வீடு சும்மா கிடக்கணுமா?"

"ஆமாக்கா."

"அந்த வாடகை, நான் பிடிச்சு வெச்ச டெபாசிட்டைவிட ஜாஸ்திலா."

"ஜாஸ்திதான்."

என்னை முறைத்தார். ஆனால் பூனையைத் துரத்தச் சொல்லவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி, தூக்குச் சட்டியில் அவித்த மீனோடு வந்தார். மகனிடம் போனில் குட்டிகளைக் காட்டினாராம். அவன் வாரம் ஒருமுறை கூப்பிடுவது இப்போது இரண்டு முறை ஆகியிருக்கிறது என்றார். ஒரு குட்டியைக் கௌசல்யா வந்து எடுத்துப்போனாள். பூச்சோங் வீட்டுக்காரர் இரண்டு பூனைக்கும் தனித்தனியாக ஃபீஸ் கேட்கிறார் என்று சொன்னாள். என்னிடம் "வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அது போதும் என்று எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டைக் கீழே பூக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

மெத்தையை எரித்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு, நான் மருந்தடித்த மறுவாரம் வீடு பார்க்க ஒரு தாதி வந்தார். மேரி என்று பெயர், மருத்துவமனையில் சுழல் நேர வேலை. நான் மறு சோதனைக்கு வெள்ளைக் காலுறையோடு நடந்துகொண்டிருந்தேன். ஒன்றும் ஏறவில்லை. தாய்ப்பூனை வாசல் வழியாக, வாடகை கட்டுகிற ஆள் மாதிரி உள்ளே வந்து சாமான் அறையில் படுத்தது.

"ஆன்டி, இது யாரோட பூனை?"

"யாரோடதும் இல்ல. இங்கதான் இருக்கும்."

"அப்ப நான்தானே சோறு போடணும்?" மேரி யோசித்தார். "வாடகையில ஐம்பது வெள்ளி குறைச்சுக்கலாமா?"

ராஜேஸ்வரி அக்கா என்னைப் பார்த்தார். நான் காலுறையைப் பார்த்தேன்.

"நாப்பது" என்றார்.

மேசையில் அச்சடித்த ஒப்பந்தம் இருந்தது. பெட் ஃபீஸ் என்ற இடத்தை அக்கா பேனாவால் அடித்து, ஓரத்தில் தன் கையால் எழுதினார்: 'வீட்டில் உள்ள பூனைக்காக வீட்டுக்காரர் குடியிருப்பவருக்கு மாதம் நாற்பது வெள்ளி தர வேண்டும்.' மேரி கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டார். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"தம்பி, ஒரு கையெழுத்து."

ஒரே தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுப் போட்டேன்.